கழற்றாத சட்டை

நான் தினமும் இரண்டு பனியன் போட்டு, அதன்மேல் சட்டை போட்டுக்கொண்டிருந்த ஆள். உள்ளே போடுகிற பனியன் ஓர் அளவு சிறியது. நெஞ்சை அமுக்கிப் பிடிக்க. அடுத்தது சரியான அளவு. உள்ளே இருப்பதன் விளிம்பு வெளியே தெரியாமல் மறைக்க. அதற்குமேல் முழுக்கைச் சட்டை, இரண்டு பக்கமும் பை வைத்தது. பைக்குள் ஒரு சின்ன டைரி, பழைய பஸ் டிக்கெட்டுகள், வேலைக்கான கரண்ட் டெஸ்டர். பை கனமாக இருந்தால் அந்த இடம் தட்டையாகத் தெரியும் என்று எனக்கு நானே ஒரு கண்டுபிடிப்பு. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்கமாட்டேன், சட்டை இழுபடும். சீட்டின் முதுகைத்தான் பிடிப்பேன். மே மாத வெயிலில் புனே முழுக்க ஆட்கள் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு நடப்பார்கள். நான் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு, வியர்வைக்குப் பயந்து, சுவரோரமாகப் போவேன்.

சுற்றி வளைத்துச் சொல்லிப் பயனில்லை. எனக்கு மார்பு பெண்பிள்ளைகளுக்கு இருப்பதுபோல இருந்தது. சின்ன வயதிலேயே குண்டு. பதின்மூன்று, பதினான்கில் மற்றப் பையன்களுக்கு மீசை வந்தபோது எனக்கு இது வந்தது. இதை எழுதும்போதுகூட ஒரு கை தானாகச் சட்டையை முன்னால் இழுத்துவிடுகிறது.

அப்பாவுக்கு கட்கியில் ஆயுதத் தொழிற்சாலையில் வேலை. லைன் வீடு. வட ஆற்காட்டிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் அந்த வரிசையில் பாதிப் பேர். நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது வரை படித்தேன். அதை விட்டதற்குக் காரணம், படிப்பு ஏறவில்லை என்று வீட்டில் சொன்னேன். உண்மைக் காரணம் கபடி. டிரில் மாஸ்டர் ஒரு கட்சியைச் சட்டையோடும் இன்னொரு கட்சியைச் சட்டை இல்லாமலும் நிற்கவைத்தார், யார் யார் என்று தெரிய. நான் சட்டை இல்லாத பக்கம். வயிற்றுவலி என்றேன். வெய்யிலில் நின்றால் சரியாகிவிடும் என்றார். கழற்றினேன். ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, ஒருவன் வந்து என் நெஞ்சைப் பிடித்து அழுத்தி, ஆட்டோவின் ரப்பர் ஹாரன் மாதிரி வாயால் சத்தம் கொடுத்தான். மாஸ்டரும் சிரித்தார். மறுநாள் நான் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும். பத்து நாள் கழித்து அப்பா என்னை ஒரு மோட்டார் காயில் கட்டுகிற கடையில் விட்டார். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, பழைய செம்புக் கம்பியை உருவி எடுத்துவிட்டு, புதிதாகச் சுற்றி, வார்னிஷ் அடிக்கிற வேலை. உட்கார்ந்த இடத்தில் குனிந்தபடி செய்வது. குனிந்திருந்தால் சட்டை முன்னால் தொங்கும், ஒன்றும் தெரியாது. எனக்கு அந்த வேலை பிடித்துப்போனதற்கு அதுதான் முதல் காரணம்.

எனக்கு இருபத்துமூன்று வயதில் கல்யாணம். பெண் ஆரணிப் பக்கம். நலங்கு வைக்கும்போது மாப்பிள்ளை சட்டையைக் கழற்றவேண்டும் என்றார்கள். எனக்குக் குளிர்காய்ச்சல் என்று சொல்லி, பனியனோடு உட்கார்ந்து, கையிலும் காலிலும் மட்டும் மஞ்சள் வாங்கிக்கொண்டேன். கல்யாணமான பிறகும் ஒரு வருஷம்வரை அவள் முன்னால் பனியனைக் கழற்றியதில்லை. ஆனால் துணி துவைப்பது அவள்தான். தினம் இரண்டு பனியன் வருகிறது, அதில் ஒன்று சின்ன அளவு. அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? ஒருநாள் அந்தச் சின்னப் பனியன் அக்குளில் கிழிந்திருந்தது. மாலை வந்து பார்த்தேன், தைத்து மடித்து வைத்திருந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த வருஷம் டிசம்பரில் ஒரு காலையில் அப்பா ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தினோம். மதியத்துக்குள் வரிசை முழுக்க ஆட்கள். அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் முப்பது, நாற்பது பேர். என் கடை முதலாளி, கூட வேலை செய்கிறவர்கள். தேஹு ரோட்டிலிருந்தும் தாபோடியிலிருந்தும் உறவுக்காரர்கள். காரியத்தை எடுத்து நடத்தியவர் என் தாய்மாமா.

எங்கள் ஆட்களில் அப்பாவுக்கு மூத்த மகன் கொள்ளி வைக்கவேண்டும், அம்மாவுக்கு இளைய மகன். அதில் மாற்றுப் பேச்சு கிடையாது. கொள்ளி வைக்கிறவன் மொட்டையடித்துக்கொண்டு, வாசலில் எல்லோரும் பார்க்கத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு, மேலே ஒன்றும் இல்லாமல், தோளில் குடத்தை வைத்துக்கொண்டு முன்னால் நடக்கவேண்டும். வீட்டிலிருந்து ஆற்றங்கரைச் சுடுகாடுவரை நடந்தால் அரைமணி நேரம். நடுவில் கடைத்தெரு, பஸ் நிறுத்தம், என்னோடு படித்தவர்கள் வேலை செய்யும் சைக்கிள் கடை.

அப்பா செத்துக் கிடக்கிறார். நான் வீட்டின் பின்பக்கம், தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றுகொண்டு, ஈர வேட்டி, வெற்று உடம்பு, சைக்கிள் கடை என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பாவைப் பற்றி யோசிக்கவில்லை. அந்த நேரத்தில் என் மனதில் இருந்தது என் நெஞ்சு மட்டும்தான். இதைவிடக் கேவலமாக ஒரு மகன் நிற்க முடியாது என்று எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. தெரிந்தும் அங்கேயே நின்றேன்.

தம்பி வந்தான். அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. மாமா கூப்பிடுகிறார், நாவிதர் வந்துவிட்டார் என்றான். நான் மாமாவிடம் போனேன். நடக்கும்போது மனதில் எந்தத் திட்டமும் இல்லை. வாய்தான் பேசியது.

"மாமா, அவ முழுகாம இருக்கா."

மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். "எத்தினி மாசம்?"

"ரெண்டு."

எங்கள் ஊர்ப்பக்கம், மனைவி கர்ப்பமாக இருக்கும்போது கணவன் பிணத்தைத் தூக்கமாட்டான், மொட்டை போடமாட்டான், கொள்ளி வைக்கமாட்டான். இதைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அது எங்கிருந்து அந்த நேரத்தில் என் வாய்க்கு வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. பெற்ற தகப்பன் என்றால் அந்தக் கட்டுப்பாடு இல்லை என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர், தலைப்பிள்ளை, வேண்டாம் என்றார். பேச்சு கொஞ்ச நேரம் ஓடியது. கடைசியில் மாமா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "வேணாம்பா. போனவரு போய்ட்டாரு. வர்றதப் பாப்போம். சின்னவன் செய்யட்டும்" என்றார்.

உள்ளே செய்தி போனது. அம்மாவின் அழுகை நடுவில் ஒரு நொடி நின்றது. அம்மா என் மனைவியைப் பார்த்தாள். அப்பாவின் கால்மாட்டில் பெண்களோடு உட்கார்ந்திருந்த அவள் வாசல் வழியாக என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைத்தாச்சி பிணத்தின் பக்கத்தில் இருக்கக்கூடாது என்று இரண்டு பெண்கள் அவளைக் கைத்தாங்கலாக எழுப்பிப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பால் கொடுத்துப் படுக்கவைத்தார்கள். அப்பா அவளிடம் ரொம்பப் பிரியமாக இருந்தவர். தொழிற்சாலை கேன்டீனில் கொடுக்கிற சமோசாவைத் தான் தின்னாமல் காகிதத்தில் சுற்றி அவளுக்குக் கொண்டுவருவார். அவரை எடுத்துக்கொண்டு போகும்போது அவள் பக்கத்து வீட்டில் கட்டிலில் படுத்திருந்தாள். ஒரு நோயும் இல்லாமல்.

தம்பி மொட்டையடித்துக்கொண்டான். வாசலில் குடம் குடமாக ஊற்றினார்கள். டிசம்பர் குளிரில் அவன் பல் கிட்டித்துப்போனது. ஒல்லியான உடம்பு, விலா எலும்பு தெரிந்தது. நான் சட்டை, இரண்டு பனியன், அதற்குமேல் ஒரு துண்டும் போர்த்திக்கொண்டு பின்னால் நடந்தேன். சுடுகாட்டில் நெருப்பைத் தொடுவதற்கு முன் அவன் திரும்பி என்னைப் பார்த்தான். வைக்கட்டுமா என்று கேட்கிற மாதிரி. நான் தலையாட்டினேன்.

அதோடு முடிந்தது என்று அன்று நினைத்தேன். எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிற எனக்கு, கேஸ் மூடியிருக்கிறதா என்று மூன்றுமுறை எழுந்து பார்க்கிற எனக்கு, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மறுநாள் என்ன ஆகும் என்று தோன்றவில்லை.

மறுநாளிலிருந்து அம்மா அவளைத் தண்ணீர்க் குடம் தூக்கவிடவில்லை. புருஷன் போன துக்கத்தில் சோறு இறங்காதவள், மருமகளுக்கு மாதுளம்பழம் உரித்துக் கிண்ணத்தில் வைப்பாள். பதினாறாம் நாள் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு என் மனைவி கேட்டாள், இப்போது என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள் என்று. கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பொய் சீக்கிரம் உண்மையாகிவிடும், ஒரு மாதம் முன்னே பின்னே ஆனால் யாருக்குத் தெரியப்போகிறது என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். உண்மையாகவில்லை. இரண்டு மாதம் பார்த்தாள். மாதாமாதம் விலக்கு நாட்களை அம்மாவுக்குத் தெரியாமல் மறைத்தாள், ஒரே அறையும் சமையலறையும் உள்ள வீட்டில். பிறகு ஒருநாள் காலை நான் கடைக்குப் போன பிறகு அவளே அம்மாவிடம் போய், கலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டாள்.

நான் மாலை வரும்போது வீட்டில் பூண்டும் நல்லெண்ணெயும் மணத்தது. அம்மா அவளுக்கு இடுப்பில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டு மராட்டிக்கார அம்மா பிசின் போட்ட டிங்க் லட்டு ஒரு டப்பா நிறையச் செய்து கொடுத்திருந்தார், பிள்ளை பெற்றவர்களுக்கும் இழந்தவர்களுக்கும் உடம்பு தேறக் கொடுப்பது. என் மனைவி அதைத் தினம் ஒன்றாக, மருந்து தின்பதுபோல, டப்பா தீரும்வரை தின்றாள். வருகிற பெண்களெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னார்கள். அவள் அதற்குத் தகுந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் மறைக்கவேண்டியது என் உடம்பைத்தான். அதற்கு அவள் உடம்பை எடுத்துப் போர்த்திக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம்தான் நடக்கத் தொடங்கினேன். ஆரோக்கியம், அது இது என்றெல்லாம் இல்லை. இந்த நெஞ்சு இல்லாமல் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு மூடத்தனமான எண்ணம். பல்கலைக்கழகம் தாண்டி ஒரு டேக்டி உண்டு, சின்னக் குன்றுகளை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். விடிவதற்கு முன் அங்கே போனேன், யாரும் பார்க்கமாட்டார்கள் என்று. முதல் நாள் முதல் திருப்பத்துக்கே மூச்சு வாங்கி, ஒரு புதர் ஓரமாக வாந்தி எடுத்தேன். ஒரு நாய் சற்றுத் தள்ளி உட்கார்ந்து நான் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தது. மாரடைப்பு வருகிறதோ, அப்பா மாதிரி இங்கேயே விழுந்தால் யார் தூக்குவார்கள், தூக்கும்போது சட்டையைக் கழற்றுவார்களோ என்றெல்லாம் பயந்தேன். மறுநாளும் போனேன். முதல் திருப்பம், இரண்டாம் திருப்பம் என்று ஒரு மாதத்தில் உச்சிக்குப் போய்விட்டேன்.

கடையில் சாயங்காலம் டீயோடு இரண்டு வடாபாவ் தின்பது பழக்கம். அதை நிறுத்தினேன். கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்தார்கள், பெண்டாட்டி சோற்றுக்குப் பூட்டுப் போட்டுவிட்டாளா என்று. சோற்றைக் குறைத்து, சோள மாவில் தட்டிய இரண்டு பாக்ரி ரொட்டி, கீரை என்று மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் நிலையத்துக்குப் போய், நாணயம் போட்டால் எடை அடித்த அட்டையைக் கொடுக்கும் மிஷினில் ஏறி நிற்பேன். கலர் பல்புகள் சுற்றும், கட்டென்று அட்டை விழும். அட்டையின் பின்பக்கம் ஜோசியம் அடித்திருக்கும். உங்கள் தைரியத்தை எல்லோரும் மெச்சுவார்கள் என்று ஒருமுறை இந்தியில் வந்தது. அதைத் தண்டவாளத்தில் கிழித்துப் போட்டுவிட்டு வந்தேன்.

தொண்ணூற்றொரு கிலோவிலிருந்து இரண்டு வருஷத்தில் எழுபத்துநான்குக்கு வந்தேன். வயிறு போனது, கன்னம் ஒட்டியது. சர்க்கரை வியாதியோ என்று அம்மா பயந்து ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினாள். ஆனால் எதற்காக நடந்தேனோ அது போகவில்லை. சுற்றிலும் இருந்த கொழுப்பு கரைந்த பிறகு அது மட்டும் தனியாக, தொங்கலாக, முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. பக்கத்துத் தெரு வியாயாம்சாலையில் சேர்ந்து, பழைய இரும்புத் தட்டுகளைத் தூக்கினேன், தண்டால் எடுத்தேன். கை, தோள் எல்லாம் இறுகின. அங்கே எல்லோரும் வெற்று உடம்போடு கண்ணாடி முன் நின்று தங்களைத் தாங்களே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் மட்டும் கண்ணாடிக்கு முதுகைக் காட்டியபடி, முழுக்கையோடு. ஆறு மாதம் கழித்து அதை நடத்துகிறவன், என்னைவிடச் சின்னவன், தனியாகக் கூப்பிட்டு இந்தியில் மெல்லச் சொன்னான், அது கொழுப்பு இல்லை, உள்ளே சுரப்பி, எத்தனை தண்டால் எடுத்தாலும் போகாது, டாக்டரிடம் காட்டு என்று. அவனுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. முழுக்கைச் சட்டை யாரையும் ஏமாற்றவில்லை.

கேம்ப் பகுதியில் ஒரு டாக்டரிடம் போனேன். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, இது வியாதி இல்லை, நிறைய ஆண்களுக்கு உண்டு, வேண்டுமானால் ஆபரேஷன் செய்து எடுக்கலாம் என்றார். மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருப்பேனா, தழும்பு தெரியுமா, எதற்கு ஆபரேஷன் என்று லைன் வீட்டு வரிசையில் கேட்டால் என்ன சொல்வது என்று மூன்று வாரம் யோசித்து, விட்டுவிட்டேன். நடப்பதை மட்டும் விடவில்லை. அதற்குள் கால் பழகிவிட்டிருந்தது.

டேக்டியின் உச்சியில் ஒரு மராட்டிக்காரர் வருவார். அரசாங்க ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர் என்று அவர் பேச்சில் தெரியும். சட்டையைக் கழற்றி ஒரு வேப்பங்கிளையில் மாட்டிவிட்டு சூரிய நமஸ்காரம் செய்வார். அவருக்கு மார்பு என்னைவிடப் பெரிதாக இருந்தது. குனியும்போது ஆடும். அவருக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது. நடுவில் நிறுத்தி, வருகிற பெண்களிடம் பெட்ரோல் விலையைப் பற்றிச் சத்தமாகப் பேசுவார். என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார், சட்டையைக் கழற்று, காற்று படட்டும் என்று. நான் ஒவ்வொருமுறையும் சளி என்பேன். வருஷம் முழுக்கச் சளி பிடிக்கிற ஆள் என்று என்னைப் பற்றி நினைத்திருப்பார். அவரைப் பார்த்துத் தைரியம் வந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். வரவில்லை. அவர்மேல் பொறாமைதான் வந்தது.

அப்பாவுக்கு ஆடி அமாவாசைக்கு வருஷாவருஷம் ஆளந்தியில் ஆற்றங்கரையில் தர்ப்பணம் கொடுப்பது தம்பிதான். கொள்ளி வைத்தவன் என்பதால் அது அவனோடே போய்விட்டது. நான் படிக்கட்டின் மேலே செருப்புகளுக்குக் காவலாக நிற்பேன். தம்பி கராடியில் ஒரு பெரிய கட்டடத்தில் ஏசி பராமரிப்பு வேலைக்குப் போனான். ஒரு வருஷம் லீவு கிடைக்காமல் அலைந்து, எரிச்சலில் வீட்டில் வைத்தே சொல்லிவிட்டான்.

"அப்பாவுக்கும் நானு. நாளைக்கு அம்மாவுக்கும் நாந்தான். அப்ப நீ எதுக்குண்ணா மூத்தவன்னு?"

அம்மா அவனை அதட்டினாள். அண்ணனுக்கு அன்றைக்கு வீட்டில் அப்படி ஒரு நிலைமை, அவன் என்ன செய்வான் என்றாள். எனக்காகப் பேச அம்மாவுக்கு அந்தப் பொய் ஒன்றுதான் இருந்தது.

எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. டாக்டர்களிடம் போனோம், இருவருக்கும் குறை இல்லை, பொறுங்கள் என்றார்கள். ஒருமுறை தங்கியது மறுபடி தங்கும் என்று அம்மா நம்பினாள். அந்த ஒருமுறையை அவள் விடவே இல்லை. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற அன்று, புது யூனிஃபார்ம் போட்டு வரிசையில் பிள்ளைகள் போவதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், உள்ளே வந்து சாதாரணமாகச் சொன்னாள்.

"இருந்திருந்தா இந்நேரம் ஒண்ணாங்கிளாஸ் போயிருக்கும்."

என் மனைவி சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. எத்தனை வருஷமாக அம்மா இந்த எண்ணிக்கையை வைத்திருக்கிறாள், நடக்கிற வயது, பேசுகிற வயது என்று எத்தனைமுறை என் மனைவி இதைக் காதில் வாங்கியிருக்கிறாள் என்று அந்தக் கையைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. நான் கடையில் இருந்த நேரமெல்லாம் இவர்கள் இருவரும் அந்தக் குழந்தையோடு இருந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு அது செத்துப்போன பிள்ளை. இவளுக்கு அது என் சட்டை.

அம்மா கடைக்குப் போனதும் மனைவியிடம், அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் மாவுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றாள்.

"வயித்துல வச்சது நீங்க. கலைச்சது நானு. இதுக்குமேல அத வளக்க என்னால முடியாது."

அந்த ஆடி அமாவாசைக்கு நல்ல மழை. ஆளந்தியில் ஆறு செம்மண் நிறத்தில் படிக்கட்டில் பாதிவரை ஏறியிருந்தது. அமாவாசைக் கூட்டம், குடை மேல் குடை. நாங்கள் நால்வரும் போயிருந்தோம். பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்ததில் என் சட்டை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. முன்னால் இழுத்து இழுத்து விட்டேன். தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்திருந்த பிராமணர், யார் பெரியவர் என்று மராட்டியில் கேட்டார். வழக்கம்போலத் தம்பி உட்காரப் போனான். நான் அவன் தோளைத் தொட்டு, இந்தத் தடவை நான் என்றேன்.

"இன்னா திடீர்னு?" என்றான். குரலில் சந்தோஷம் இல்லை.

"செய்யட்டும்டா" என்றாள் அம்மா. "அன்னிக்கு அவ முழுகாம இருந்தா, அதான் செய்யல. இப்ப இன்னா தடை?"

நான் சட்டைப் பொத்தானைக் கழற்றினேன். பிறகு ஒரு பனியன். பிறகு அடுத்தது, ஈரத்தில் தோலோடு ஒட்டி வரமாட்டேன் என்றது, தலைவழியாக உரித்து எடுத்தேன். ஒன்றை எடுத்ததும் இன்னொன்று வருவதைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பியின் முகம் மாறியது. வெற்று உடம்பில் மழை விழுந்தது. கபடிக்குப் பிறகு பதினாறு வருஷம் கழித்து முதல்தடவை வெளியில். பிராமணர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகு சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று தோன்றியது.

"அம்மா, அன்னிக்கு அவ முழுகாம இல்ல."

அம்மாவுக்குப் புரியவில்லை. சத்தத்தில் காதில் விழவில்லையோ என்று மறுபடி சொன்னேன். சட்டையைக் கழற்றவேண்டியிருக்கும் என்றுதான் அப்படிச் சொன்னேன், அவளுக்கு ஒன்றும் தெரியாது, நான்தான் என்றேன். அம்மா குடைக்குள்ளிருந்து என் நெஞ்சைப் பார்த்தாள். கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

"இதுக்காடா?"

நான் தலையாட்டினேன். அம்மா, என்னிடம் இல்லை, பொதுவாகக் கேட்டாள்.

"அப்ப பாப்பா?"

அவள் அதைப் பெண் என்று முடிவு செய்து வைத்திருந்தது அதுவரை எங்கள் யாருக்கும் தெரியாது. பிராமணர் எள்ளையும் தண்ணீரையும் முன்னால் நகர்த்திவைத்துவிட்டுக் காத்திருந்தார். அவருக்கு வரிசையில் ஆட்கள் இருந்தார்கள். அப்பாவின் பெயரைச் சொல்லச் சொன்னார், சொன்னேன். கையில் எள் ஒட்டிக்கொண்டது, மூன்றுமுறை தண்ணீர் விட்டேன். அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வழியெல்லாம் நினைத்து வந்திருந்தேன். அந்த நேரத்தில் அப்பா நினைவுக்கே வரவில்லை. பின்னால் அம்மா அழுகிற சத்தம் கேட்டது. அப்பா செத்த அன்று அழுத மாதிரி ஓங்கி இல்லை. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு.

முடித்துவிட்டு எழுந்து திரும்பினேன். என் மனைவி அம்மாவின் பக்கத்தில் படியில் உட்கார்ந்திருந்தாள். அம்மா அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள், நீயாவது ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக்கூடாதா என்று.

"அவரே கழட்டட்டும்னு இருந்தேன் அத்த" என்றாள் அவள்.

இருவரும் ஒரே குடைக்குள் எழுந்து, கையைப் பிடித்துக்கொண்டு, வழுக்குகிற படியில் மெல்ல ஏறினார்கள். யார் யாரைத் தாங்கிக்கொண்டு போகிறார்கள் என்று பின்னாலிருந்து தெரியவில்லை. நான் கீழேயே நின்றேன். சுற்றிலும் நூறு பேராவது இருந்திருப்பார்கள். வெற்று உடம்பு, தொப்பை, பூணூல், தழும்பு, எல்லா மாதிரியும். யாரும் என்னைப் பார்க்கவில்லை. என் நெஞ்சைப் பற்றிய வெட்கம் அன்று போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அதைவிடப் பெரியது ஒன்று வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அது இன்னும் எழுந்து போகவில்லை.

தம்பி கீழே கிடந்த என் பனியன்களை எடுத்துப் பிழிந்தான். சின்னதை விரித்து ஒருமுறை பார்த்துவிட்டு, பைக்குள் போட்டான்.

"நான் அன்னிக்கு எவ்ளோ பயந்தேன் தெரிமாண்ணா" என்றான்.

தெரியும் என்றேன். பையிலிருந்து துண்டை எடுத்து நீட்டினான். வாங்கித் தலையையும் கையையும் துவட்டிக்கொண்டேன். போர்த்திக்கொள்ளாமல் தோளில் போட்டுக்கொண்டு, அவனோடு படி ஏறினேன்.